வீட்டுக்கு ஒருவர் போதுமா?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் இப்பொழுது வாயால் கூறப்படுவதில்லை. 2007-ம் வருஷத்தில் ஸ்பைசஸ் போர்டார் அங்கே கம்ப்யூட்டர் ஏலத்தை ஏற்படுத்தியது முதல், வியாபாரிகள் வரிசையாகப் பெட்டிகளின் முன் உட்கார்ந்து, மாதிரிக் காயைக் கையிலே உருட்டிப் பார்த்து, பொத்தானை அமுக்கி விலை கேட்கிறார்கள். 2021 ஜனவரி முதல், மலைக்கு அப்புறம் கேரளத்துப் புற்றடி மையத்தில் இருப்பவரும் போடியில் இருப்பவரும் ஒரே சமயத்தில் ஒரே குவியலுக்குப் போட்டியிடவும் வழி செய்யப்பட்டிருக்கிறது. முன்னாளில் 'ஒருதரம், இரண்டுதரம்' என்று கூரை அதிரக் கேட்ட இடத்தில் இன்று சப்தமில்லை.

அந்தச் சப்தம் ஊரை விட்டுப் போய்விடவில்லை, வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது. மாலை ஏழு மணிக்கு மேல் போடியிலோ, மேற்கு மலையடிவாரத்துப் பொட்டிபுரத்திலோ ஒரு தெருவில் நடந்து பாருங்கள். திண்ணைக்குத் திண்ணை வயதானவர் ஒருவர் உரக்கப் பேசிக்கொண்டிருப்பார். "பச்சையா, நீலமா? எதை அமுக்க?" "வட்டம் சுத்திக்கிட்டே இருக்குதே!" "நீ சொன்ன பெட்டி இதுல இல்லையே தம்பி!" மறுமுனையில், சென்னையிலோ பெங்களூரிலோ திருப்பூரிலோ கடல் கடந்த துபாயிலோ, மகனோ மகளோ பொறுமையை இழந்துகொண்டிருப்பார்கள். டச் போன் என்று நாம் சொல்வது சட்டைப் பையில் அடங்கும் கம்ப்யூட்டரே. அதைக் கண்ணால் பாராமல், குரலைக் கொண்டே தூரத்திலிருந்து இயக்க முயலும் வித்தை இன்று தமிழ்நாட்டில் நடைபெறாத வீடு இல்லை எனலாம்.

இதை விகடமாகக் கருதி நகைப்பவர் அநேகர். பேரனின் அவசரத்தையும் பாட்டியின் குழப்பத்தையும் வைத்துச் சிரிப்பூட்டும் துணுக்குகளுக்குக் குறைவில்லை. நாமும் சிரித்தவர்களே. ஆனால் இந்தத் திண்ணைப் பேச்சுக்குப் பின்னே ஒரு பெரிய பொதுக்காரியம் கவனிப்பாரின்றிக் கிடக்கிறது என்பதை வாசகர்களுக்கு எடுத்துச் சொல்வது இன்று அவசியமாகிவிட்டது.

பொட்டிபுரம் என்றால் உலகத்து விஞ்ஞானிகள் அறிவார்கள். அவ்வூரை அடுத்த அம்பரப்பர் மலையைக் குடைந்து, உள்ளே 50,000 டன் இரும்பை அடுக்கி, நியூட்ரினோ என்னும் கண்ணுக்குப் புலனாகாத துகளை ஆராய்வதென 2015 ஜனவரியில் மத்திய மந்திரி சபை அனுமதி வழங்கிற்று. ஜனங்கள் எதிர்த்தார்கள்; வழக்குகள் எழுந்தன; 2022-ல் தமிழ்நாடு சர்க்கார் தங்களுக்குச் சம்மதமில்லை என்று சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தனர். அத்திட்டத்தின் குணதோஷங்கள் இங்கே நமது விஷயமல்ல. ஆயினும், ஆகாயத்திலிருந்து வரும் துகளைப் பிடிக்க எண்ணிய அதே ஊரில், தம் போனுக்கு வரும் ஆறு எண்களைப் பிடிக்க முடியாமல் ஒரு கிழவர் தவிக்கிறார் என்ற செய்தியும் விஞ்ஞானிகளின் செய்திக்கு அருகே வைக்கத் தக்கதே.

இருபது வருஷங்களுக்கு முன்னர் ஒரு முதியவர் தம் காரியத்துக்காகப் போகவேண்டிய இடங்கள் அவருக்குத் தெரிந்திருந்தன. பாங்கியில் ஒரு குமாஸ்தா, தபாலாபீஸில் ஒரு தபால்காரர், தாலூகா கச்சேரியில் ஓர் எழுத்தர். எல்லோரும் தர்மிஷ்டர்கள் அல்லர். நாளைக்கு வா என்றவர் உண்டு. மேஜைக்கடியில் கை நீட்டியவரும் உண்டு. ஆனாலும் அவர்களுக்கு முகம் இருந்தது. தெரியாததைக் கேட்கலாம், சண்டையும் போடலாம். இன்று காஸ் சிலிண்டர் வேண்டுமானாலும், கரண்ட் பில் கட்ட வேண்டுமானாலும், பட்டா நகல் எடுக்க வேண்டுமானாலும், 2019-ல் ஆரம்பிக்கப்பட்ட பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய் தடையின்றி வர வேண்டுமானாலும், ஏதோ ஓர் இடத்தில் ஒரு திரையைத் தொட்டாக வேண்டும், ஓ.டி.பி. என்ற எண்ணைச் சொல்லியாக வேண்டும். கெஜட்டில் பிரசுரிக்காமலும் சட்டசபையில் விவாதிக்காமலும் அந்தக் குமாஸ்தாவின் உத்தியோகம் முழுவதும் வெளியூரிலுள்ள பிள்ளையின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. சம்பளமில்லாத அந்த உத்தியோகத்தை அவன் இரவு நேரத்தில், தன் வேலை முடிந்து களைத்த பிறகு, டெலிபோனில் பார்க்கிறான். பெரும்பாலும் கெட்ட குமாஸ்தாவாகவே பார்க்கிறான்.

இதைக் குற்றஞ்சாட்டும் உரிமை எனக்கு உண்டு; நானும் அந்தக் கெட்ட குமாஸ்தாக்களில் ஒருவன்.

என் தகப்பனார் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் முப்பது வருஷங்களுக்கு மேலாகக் கணக்குப்பிள்ளை. விடியற்காலையில் ஜீப்பில் மலையேறி, ஆட்களின் பெயரைச் செக்ரோலில் பதிந்து, சாயங்காலம் பச்சைக்காயை நிறுத்து, ஸ்டோரில் உலர்ந்து வரும் காய் ஐந்தில் ஒரு பங்கு தேறுமா என்று மனக்கணக்காகவே சொல்லக் கூடியவர். அவர் எழுதிய கணக்கில் ஒரு கிலோ பிசகியதாக எந்த முதலாளியும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவரைப் பார்த்து, சென்னையில் உட்கார்ந்துகொண்டு, "இதுகூடத் தெரியலையாப்பா?" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

அவருக்கு வருகிற பென்ஷன் அற்பம். தொழிலாளர் சேமநிதியைச் சேர்ந்த அப்பென்ஷனுக்கு 2014-ல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சத் தொகையே மாதம் 1,000 ரூபாய்தான். அந்தத் தொகையைப் பெற வருஷத்துக்கு ஒரு முறை தாம் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். முன்பு அவர் பஸ் ஏறிப் போடிக்குப் போய்ப் பாங்கியில் நிற்பார். அவர் வந்து நின்றதே அத்தாட்சி. 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்னும் கம்ப்யூட்டர் அத்தாட்சி வந்தது. 2021-ல் போன் காமிராவில் முகத்தைக் காட்டினாலே போதும் என்ற சௌகரியமும் வந்தது. சௌகரியந்தான், மறுக்கவில்லை. நடக்க முடியாதவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அதற்கு ஒன்றுக்கு இரண்டாகச் செயலிகளைப் போனில் இறக்க வேண்டும், ஆதார் எண்ணைப் பதிய வேண்டும், ஓ.டி.பி. வாங்க வேண்டும், பிறகு வெளிச்சத்தில் நின்று, வட்டத்துக்குள் முகத்தை வைத்து, கண்ணைச் சிமிட்ட வேண்டும்.

இத்தனையையும் நான் டெலிபோனில் சொன்னேன். இங்கேதான் இந்த வித்தையின் மூலக்கோளாறு வெளியாகிறது. எந்தப் போன் வழியாக என் குரல் அவருக்குப் போகிறதோ, அதே போனில்தான் அவர் வேலை செய்தாக வேண்டும். காதில் வைத்தால் திரை தெரியாது. கண்ணுக்கு நேரே வைத்தால் என் குரல் கேட்காது. ஸ்பீக்கரைப் போடச் சொன்னேன். அதைத் தேடும்போது இணைப்பை அறுத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். "சிமிட்டுங்க, சிமிட்டுங்க" என்று நான் கத்த, அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, எதிரே சுவரைப் பார்த்து, சொன்னபடியே கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இதை என் தாயார் பிற்பாடு சொல்லி அழுதாள். அன்றிரவு என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத விரும்பவில்லை. கடைசியில், "ஒண்ணும் செய்ய வேணாம், வந்த நம்பரை மட்டும் படிங்க, மீதியை நான் பார்த்துக்கிறேன்" என்றேன். படித்தார். பாதி வேலையை என் கம்ப்யூட்டரில் முடித்தேன். மறுநாள் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் மீதியை முடித்துக் கொடுத்தான். ஜெயித்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

சில வாரங்கள் சென்றபின் வேறொரு குரல் அவரைக் கூப்பிட்டது. பென்ஷன் ஆபீஸிலிருந்து பேசுவதாகச் சொல்லிற்று. அத்தாட்சியில் பிழை இருக்கிறது, இன்றைக்குள் சரி செய்யாவிட்டால் பணம் நின்றுவிடும் என்றது. பாங்கிக் கார்டின் மேலிருக்கும் எண்களைக் கேட்டது. பிறகு போனில் வந்த ஆறு எண்களைப் படிக்கச் சொல்லிற்று. படித்தார். 18,000 ரூபாய் போயிற்று. சைபர் குற்றங்களுக்கென்று ஏற்பட்டிருக்கும் 1930 என்ற எண்ணுக்கு மறுநாள்தான் சொன்னோம், பாதிகூடத் திரும்பவில்லை.

"யாரோ கேட்டால் நம்பரைச் சொல்லலாமா?" என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "நீ கேட்டப்பவும் அப்படித்தானே சொன்னேன்? அந்தக் குரலும் உன்னை மாதிரியேதான் அவசரப்படுத்துச்சு" என்றார்.

இந்தப் பதிலைப் பற்றி நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். திருடன் என் தகப்பனாரை ஏமாற்றுவதற்கு முன்னதாகவே அவரை அதற்குத் தயார் செய்து வைத்தவன் நான். போனில் ஒரு குரல் வரும், அது புரியாத வார்த்தைகளைச் சொல்லும், கோபிக்கும், கேள்வி கேட்காமல் சொன்னதை அமுக்க வேண்டும், வந்த எண்ணைப் படித்துவிட்டால் சங்கடம் தீரும். இந்தப் பாடத்தை இரண்டு வருஷ காலம் அன்போடும் அவசரத்தோடும் நடத்தியவர் யார்? பெற்ற பிள்ளைகளாகிய நாமே. திருடன் அந்தப் பாடத்தில் ஒரு பரீட்சை வைத்தான், அவ்வளவே.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் ஏற்பட்டது. அவர் போனைத் தொடுவதையே விட்டுவிட்டார். செக்ரோல் எழுதிய மனிதர், காஸ் சிலிண்டருக்கும் அடுத்த வீட்டுப் பையனை எதிர்பார்த்து வாசலில் நிற்கும்படி ஆயிற்று.

இது ஏதோ ஒரு குடும்பத்தின் கதை என்று நினைக்க வேண்டாம். ஹரியானாவில் அம்பாலா நகரத்து முதிய தம்பதிகளைப் போலிக் கோர்ட் உத்தரவு காட்டி மிரட்டி, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பறித்த விஷயத்தை 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 'டிஜிட்டல் அரஸ்ட்' என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது என்பதைப் பிரதம மந்திரியே 2024 அக்டோபரில் ரேடியோவில் சொல்ல வேண்டி வந்தது. மகன் தூரத்திலிருந்து தகப்பனாரின் திரையைப் பார்த்து உதவி செய்யப் பயன்படுத்தும் 'எனிடெஸ்க்' போன்ற செயலிகளையே திருடர்களும் பயன்படுத்துகிறார்கள் என்று ரிசர்வ் பாங்க் 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது. 2023-ல் வாட்ஸப்பிலும் திரையைக் காட்டும் வசதி வந்துவிட்டது. கருவி ஒன்றே, கைதான் வேறு. காதில் கேட்கும் குரலை மட்டும் கொண்டு இரண்டையும் பிரித்தறிய எழுபது வயதுக்காரரை எதிர்பார்க்கிறோம்.

தமிழர் அவசியம் கவனிக்க வேண்டிய அம்சம் இதில் ஒன்று உண்டு. ஓ.டி.பி.யோடு கூடவே 'இதை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற எச்சரிக்கையும் வருகிறது. எந்தப் பாஷையில் வருகிறது? பெரும்பாலும் இங்கிலீஷில். எண் எல்லோருக்கும் புரியும். எச்சரிக்கை இங்கிலீஷ் படித்தவனுக்கு மட்டும் புரியும். பாம்பு இருக்கும் கிணற்றில் அந்நிய பாஷையில் பலகை நட்டுவிட்டு, கடமை தீர்ந்ததென்று போவதற்கு இது ஒப்பு. தமிழில் போடப்பட்டிருக்கும் சில இடங்களிலும் அது அகராதித் தமிழாக இருப்பதால், போடித் தெருவில் ஒருவருக்கும் விளங்குவதில்லை. வார்த்தையை ஆக்குகிறவர்கள் ஒரு நாளாவது இ-சேவை மையத்து வரிசையில் நின்று பார்த்துவிட்டு ஆக்கலாம்.

சரி, முதியோருக்குக் கற்பிக்கச் சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லையா? செய்தார்கள். அதன் கணக்கைப் பார்த்தால்தான் வியாதியின் வேர் தெரிகிறது. 2017-ல் மத்திய சர்க்கார் கிராமவாசிகளுக்குக் கம்ப்யூட்டரும் போனும் கற்பிக்கப் பிரதம மந்திரி கிராமிய டிஜிட்டல் சாட்சரதா அபியான் என்ற பெரிய இயக்கத்தை ஆரம்பித்தனர். 2024 மார்ச் 31-ந் தேதி அது முடிவடைந்தபோது 6 கோடியே 39 லட்சம் பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டதாகக் கணக்குக் காட்டப்பட்டது. பெரிய காரியந்தான். ஆனால் அதன் விதிகள் இரண்டு. ஒன்று, வீட்டுக்கு ஒருவர். மற்றொன்று, வயது 14 முதல் 60 வரை.

இவ்விரண்டு விதிகளையும் சேர்த்துப் படியுங்கள். அறுபது தாண்டியவர் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தப்பட்டார். வீட்டில் படித்த ஒருவர் இருந்தால் அவ்வீடு முழுவதும் படித்ததாகக் கருதப்பட்டது. அந்த ஒருவர் யார்? இளைஞர். இளைஞர் எங்கே இருக்கிறார்? போடி நிலையத்துக்கு 1928-ல் வந்த ரயில், யுத்த காலத்தில் தண்டவாளம் பிடுங்கப்பட்டு, பிறகு திரும்பி வந்து, அகலப் பாதைக்காக 2010 டிசம்பர் கடைசியில் மறுபடி நின்று, 2023 ஜூன் மாதத்தில்தான் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. இடையே சென்ற பன்னிரண்டு வருஷங்களும் அந்த இளைஞரை எந்த விதத்திலும் தடுக்கவில்லை. பஸ் ஏறிப் போய்விட்டார். 'கற்ற வீடு' என்று ஏட்டில் பதிவாகியிருக்கும் வீட்டில் இருப்பவர் அறுபது தாண்டிய இருவர் மட்டுமே. கற்றவர் 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். இருவருக்கும் இடையே ஒரு டெலிபோன். அந்தத் திண்ணைக் கூச்சலுக்குக் காரணம் முதியவரின் மந்த புத்தி அன்று, பிள்ளையின் முன்கோபமும் முழுக் காரணமன்று. வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கே காரணம்.

2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு இந்த வயது வரம்பு இல்லை. டிஜிட்டல் அறிவும் அதில் ஒரு பாடம். ஆனால் அது எழுத்தறியாதவருக்காக ஏற்பட்டது. பத்திரிகை வாசிக்கிற, செக்ரோல் எழுதிய என் தகப்பனாருக்கு அதிலும் இடமில்லை. ஒரு திட்டத்துக்கு அவர் அதிக வயதானவர். மற்றொன்றுக்கு அதிகம் படித்தவர்.

போடிமெட்டுப் பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கேரளம். போடி, கம்பம் ஊர்க்காரர் பலருக்கு ஏலத்தோட்டம் இருக்கும் உடும்பன்சோலைத் தாலூகா அங்கேதான். அந்த ராஜ்யத்திலும் முதலில் இதே கணக்கைத்தான் போட்டார்கள். 2002-ல் மலப்புறத்தில் ஆரம்பித்த 'அட்சயா' திட்டம் வீட்டுக்கு ஒருவருக்குக் கம்ப்யூட்டர் கற்பிப்பதாகவே இருந்தது. பிறகு யோசித்துத் திருத்திக்கொண்டார்கள். திருவனந்தபுரம் ஜில்லாவில் புல்லம்பாறை என்னும் ஒரு சிறு பஞ்சாயத்தில், வீடு வீடாகக் கேட்டு, போன் தெரியாத மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கற்றுக் கொடுத்து, 2022-ல் வேலையை முடித்தார்கள். அதையே ராஜ்யம் முழுவதற்கும் விரித்தார்கள். வயதுக்கு உச்சவரம்பு கிடையாது. ஏறக்குறைய 22 லட்சம் பேர் தெரியாதவர்கள் என்று பெயர் எழுதினார்கள். மாணவர், குடும்பஸ்ரீப் பெண்கள் முதலிய இரண்டரை லட்சம் தொண்டர்கள் வீட்டுத் திண்ணைக்கும் வேலைத்தலத்துக்கும் போய்க் கற்பித்தார்கள். 2025 ஆகஸ்டு 21-ந் தேதி, டிஜிட்டல் எழுத்தறிவு பூர்த்தியான ராஜ்யம் என்று முதல் மந்திரி பினராயி விஜயன் பிரகடனம் செய்தார். கற்றுக்கொண்டவர்களில் எர்ணாகுளம் ஜில்லாவைச் சேர்ந்த 105 வயது அப்துல்லா மௌலவியும் ஒருவர்.

சர்க்கார்கள் வெளியிடும் 'பூர்த்தி' என்ற சொல்லை நாம் எப்போதுமே சற்றுத் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். பரீட்சையில் தேறியவரெல்லாம் மறுவருஷமும் நினைவில் வைத்திருப்பார் என்பதில்லை. ஆனால் எண்ணிய முறை சரியானது. வீட்டை எண்ணாமல் ஆளை எண்ணினார்கள். மலையின் மேற்குச் சரிவில் செய்ய முடிந்தது கிழக்குச் சரிவில் ஏன் முடியாது?

நமக்கு இது புதிதும் அன்று. 1991-ல் புதுக்கோட்டை ஜில்லாவில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத் தொண்டர்கள் மரத்தடியிலும் கல் குவாரியிலும் உட்கார்ந்து வயது வந்தோருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். கைநாட்டு என்பது அவமானம், கையெழுத்து என்பது மானம் என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தார்கள். அவ்வாறு மானத்தோடு கையெழுத்திடக் கற்ற கிழவியை இன்று ரேஷன் கடையில் மறுபடியும் விரலை வைக்கச் சொல்கிறோம். களை பறித்துத் தேய்ந்த விரலை யந்திரம் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், துணியில் துடைத்து, மறுபடி வை என்கிறோம்.

சட்டம் இவர்கள் பக்கமே இருக்கிறது. திராவக வீச்சுக்கு ஆளாகிக் கண்ணிமைக்க இயலாதவர்கள், காமிரா முன் சிமிட்ட முடியாததால் பாங்கிக் கணக்கு மறுக்கப்பட்டுச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 ஏப்ரல் 30-ந் தேதி அளித்த தீர்ப்பில், டிஜிட்டல் வசதியை அணுகும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-வது ஷரத்துத் தரும் ஜீவிய உரிமையில் அடங்கியது என்று கோர்ட் கூறிற்று. இயலாதவருக்கு மாற்று வழி இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மாற்று வழி என்பது பெரிய தத்துவமல்ல. பாங்கியில் ஒரு ஜன்னல், அதன் பின்னே ஒரு மனிதர். அந்த ஜன்னலை மூடாதே என்று கேட்பது முன்னேற்றத்துக்கு விரோதமான கிளர்ச்சி ஆகாது.

சர்க்கார் விழிக்கும் வரையில் பிள்ளைகள் செய்யக்கூடியது என்ன? நான் செய்ததைச் சொல்கிறேன். சென்ற சித்திரையில் ஊருக்குப் போய் மூன்று நாள் தங்கினேன். போனை நான் தொடுவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டேன். இது கடினமான விரதம், இரண்டு முறை மீறினேன். தகப்பனார் ஒரு பழைய செக்ரோல் நோட்டை எடுத்துவந்தார். திரையிலுள்ள ஒவ்வொரு குறிக்கும் அவரே பெயர் வைத்தார். அமைப்புகளைத் திறக்கும் குறி பல்சக்கரம். பிறருக்கு அனுப்பும் குறி கவட்டை. வைஃபை விசிறி. மேல்மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை, 'அக்கன்னாவை நிமிர்த்தி வச்ச மாதிரி' என்றார். அதற்கு அக்கன்னா என்றே பெயராயிற்று. கோடு போட்டு, ஒரு பக்கம் காரியம், மறுபக்கம் அதற்குரிய படிகள் என்று கணக்குப் போலவே எழுதிக்கொண்டார். போன் கம்பெனிக்காரர்கள் திடீரென்று ஒரு நாள் படங்களை மாற்றிவிடுகிறார்களே, அதற்கென்றும் ஒரு பக்கம் காலியாக விட்டிருக்கிறார்.

இப்பொழுதும் டெலிபோனில் பேசுகிறோம். ஆனால் முதலில் பேசுபவர் அவர். திரையில் என்ன இருக்கிறது என்பதை அவர் மேலிருந்து கீழாகச் சொல்லி முடிக்கும் வரையில் நான் வாய் திறப்பதில்லை. பழைய பட்டன் போனை எடுத்து அதில் பேசுகிறார். டச் போன் எதிரே மேஜையில் இருக்கிறது. இந்தச் சின்ன ஏற்பாட்டுக்கு எங்களுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. ஓ.டி.பி. எண்ணை நான் கேட்பதே இல்லை. கேட்டாலும் சொல்லக் கூடாது என்று நோட்டின் முதல் பக்கத்தில், என் பெயரைக் குறிப்பிட்டே எழுதச் செய்திருக்கிறேன். பணத்தைப் பற்றி யார் கூப்பிட்டாலும், போனை வைத்துவிட்டு, பாஸ் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு அவரே கூப்பிட வேண்டும். என் குரலில் வந்தாலும் அதே விதிதான். குரலையும் யந்திரத்தால் போலி செய்யும் காலம் இது. ஒரு காரியத்துக்கு முன்னைவிட மூன்று மடங்கு நேரம் ஆகிறது. சென்ற மாதம் காஸ் சிலிண்டரை அவரே பதிவு செய்துவிட்டு எனக்குத் தகவல் சொன்னார்.

எல்லாப் பிள்ளைகளாலும் மூன்று நாள் தங்க இயலாது. எல்லா முதியவருக்கும் பிள்ளைகளும் இல்லை. மலைச்சரிவுக் குடியிருப்புகளில் டவர் கிடைக்கும் பாறையைத் தேடி நடப்பதற்குள் ஓ.டி.பி.யின் ஆயுள் முடிந்துவிடுகிறது. அங்கே டெலிபோன் உபதேசம் உதவாது, ஆள்தான் போக வேண்டும். ஆகையால் இந்த வேலை தேச ஊழியர்களைச் சேர்ந்தது. கட்சிக் கிளையும் வாலிபர் சங்கமும் வாசகசாலையும் உள்ள ஊர்களில், பத்து மாணவர்கள் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் கொடுத்தால் போதும். வீட்டுக்கு ஒருவர் என்று எழுதாமல், பெயர் பெயராக எழுத வேண்டும். தமிழ்நாடு சர்க்காரிடம் கேட்க வேண்டியவை மூன்றுதான்: வயது வரம்பில்லாத பயிற்சி, எச்சரிக்கைகள் புரியும் தமிழில், மூடாத ஜன்னல்.

தேனி ஜில்லாவில் இதைத் தொடங்க எண்ணுபவர்களுக்கு ஒரு தகவல். தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை விடியற்காலையில் பிடிக்க முடியாது, ஜீப் காத்திராது. சாயங்காலம் இறங்கி வந்து, உலை வைத்தபின், ஏழு மணிக்குமேல் கிடைப்பார்கள். ஆண்கள் காலை பத்து மணிக்குச் சாவடியில் இருப்பார்கள். நோட்டும் பென்சிலும் நீங்களே கொண்டுபோங்கள். ஒரு பட்டன் போனும் இருக்கட்டும்.